ட்ரம்பெட்டுக்கு முன்னால் போன முணுமுணுப்பு

ஒலிப்பதிவு வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குப் பயம் வருமா? வராது என்று மார்தட்டுகிற ஆள் கேமரா பக்கம் போய்விடலாம். அங்கே அது செல்லும். ஹெட்போன் மாட்டுகிறவருக்குப் பயம் வேண்டும். நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி கத்தினால் பலன் பார்க்கிற ஜாதகம். என் மனைவியைக் கேட்டால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வாள். அந்தப் பயம்தான் எனக்குக் கடைசிவரை சோறு போட்டது.

எந்த மைக்கை எங்கே வைப்பது என்பதையெல்லாம் இயந்திரத்தோடு வருகிற புத்தகத்தில் படித்துக்கொள்ளுங்கள். அதற்கு நான் தேவையில்லை. உங்கள் காதில் ஒன்று விழுகிறது, அந்த இடத்தில் இருக்கிற வேறு யாருக்கும் அது கேட்கவில்லை, அப்போது என்ன செய்வீர்கள்? அதை எந்தப் புத்தகமும் சொல்லாது. எனக்கு அது ஒருமுறை நேர்ந்தது. ஒருவருடைய உயிர் என் காதில் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்பதுகளின் கடைசி. இயக்குநர், ஒளிப்பதிவாளர், நான் என்று மூன்று பேர் சென்னையிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் போயிருந்தோம். இயக்குநர் இளம் பெண். கெட்டிக்காரி, பிடிவாதக்காரியும்கூட. அதற்கு முந்தைய வருடம் ஒரு உறவினர் சாவுக்காக அந்த ஊருக்கு வந்தவர், ஊர்வலத்தில் வாசித்த பேண்டு செட்டைக் கேட்டு அசந்துபோயிருக்கிறார். டிரம் அடி விழுந்த பிறகு, அவசரமே இல்லாமல், ஒரு கணம் தாமதித்து வந்து உட்கார்ந்ததாம் ட்ரம்பெட். ஜாஸ் கேட்டுப் பழகிய காது அவருக்கு. கரிசல் காட்டு பேண்டு செட்டில் இந்த இழுப்பு எப்படி வந்தது என்று வாசித்தவர்களைத் துளைத்து எடுத்திருக்கிறார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பெயரைச் சொன்னார்கள். கிருபை அக்கா.

கிருபை அக்கா திருச்சுழிக்கும் நரிக்குடிக்கும் இடையே ஒரு சிற்றூரின் கடைசி வீட்டில் இருந்தார். சீமைக்கருவேல விறகைச் சுட்டுக் கரியாக்குகிறவர்களிடம் மூட்டை வாங்கி லாரியில் லோடு ஏற்றிவிடுகிற வியாபாரம். பிறந்தது அருப்புக்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ வியாபாரக் குடும்பத்தில், மூத்த மகனாக. பள்ளிக்கூட பேண்டில் ட்ரம்பெட் பழகி, ராணுவ பேண்டில் சேர்ந்து, பிறகு கல்கத்தா ஓட்டல்களில் வருடக்கணக்காக ஜாஸ் வாசித்தவர். அங்கேதான் தன்னை யார் என்று உணர்ந்து கிருபையாக ஆனார். இன்று திருநங்கை என்று கௌரவமான ஒரு சொல் இருக்கிறது. அன்று ஊரில் வழங்கிய சொற்களை எழுத எனக்குக் கை கூசுகிறது. அவருடைய பழைய பெயரையும் எழுதமாட்டேன். வேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

அவருடைய மேலுதட்டில் மூக்குவரை ஏறிய ஒரு தழும்பு உண்டு. அப்பா இறந்தபோது சேலை கட்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். வாசலிலேயே தம்பி மறித்து, அவர் கையில் இருந்த ட்ரம்பெட்டைப் பிடுங்கி அதாலேயே அவர் வாயில் அடித்தாராம். உதடு இரண்டாகப் பிளந்துவிட்டது. ட்ரம்பெட் வாசிக்கிறவருக்கு உதடு போனால் என்ன மிச்சம்?

"அருப்புக்கோட்டைக்கு இங்கிட்டு ஓன் ஊது சத்தம் கேட்டுச்சுன்னா, அன்னைக்கோட நீ இல்லன்னு சொன்னான். செய்வான் தம்பி. அவன் சொன்னத செய்யுறவன்" என்றார் கிருபை அக்கா எங்களிடம். "அண்ணன் கல்கத்தாவுல செத்துப் போச்சுன்னு ஊருக்குச் சொல்லி, ஜெபமும் வச்சு முடிச்சுட்டான். அதனால படம் எடுக்கிறதுன்னா எடுங்க. எனக்கும் ஆசைதான். ஆனா எடுக்கிறது அவன் காதுக்குப் போகக் கூடாது. அங்க ஒரு கடை வச்சிருக்கான், நாலு பேரு வந்து போற கடை. பாத்துக்கங்க."

என்ன கடை என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

படத்தில் அவர் பேசினார், கரி மூட்டைகளுக்கு நடுவே நடந்தார், பேண்டுக்காரர்களுக்கு வாயால் பாடிப் பாடிச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ட்ரம்பெட்டை எடுக்கவில்லை. அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து எடுத்ததே இல்லையாம். ஜாஸ் கலைஞரைப் பற்றிய படத்தில் அவர் வாசிக்கவே இல்லை என்றால் எப்படி என்று இயக்குநர் கெஞ்சினார். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அக்கா இறங்கிவந்தார். ஒரே ஒரு பாட்டு, கல்கத்தாவில் அவரே கட்டிய மெட்டு. ஊர்ச்சனம் கரிமூட்டம் பக்கம் போயிருக்கிற மத்தியானத்தில், கதவு சன்னல் எல்லாம் சாத்திக்கொண்டு வாசிப்பார். சாத்திய வீட்டில் படமெடுக்க லைட் வேண்டும், லைட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும். வழக்கமாக ஜெனரேட்டரை எவ்வளவு தூரத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு தூரத்துக்கு விரட்டுவதுதான் என் வேலை. அக்காவோ, "வீட்டை ஒட்டியே வையுங்க. அது போடுற சத்தத்துல நான் ஊதுறது வெளிய தெரியாது" என்றார். எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் சரி என்றேன்.

மானாவாரி விவசாயத்தைப் பற்றிப் படமெடுக்கிறோம் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தோம். அதையே சொல்லி அருப்புக்கோட்டையில் ஒரு வாடகைக் கடையில் ஜெனரேட்டருக்குச் சொன்னோம். பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் விடுகிற பெரிய கடை. கடைக்காரர் ஐம்பதை ஒட்டியவர், வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிறவர்.

"வெவசாயப் படத்துக்கு எதுக்கு சார் லைட்டு?" என்றார்.

"வீட்டுக்குள்ள குதிர் இருக்குங்க, அதை எடுக்கணும்" என்றார் எங்கள் ஒளிப்பதிவாளர். வாயில் வந்ததைச் சொல்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

"எந்த ஊரு?"

ஊர்ப் பெயரைச் சொன்னோம். கடைக்காரர் அந்தப் பெயரை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார். பிறகு, வேலையாளை அனுப்பாமல் தானே டெம்போவில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அது உறுத்தியது. பெரிய கடைக்காரர் எதற்கு வெயிலில் வருகிறார்? ஆனால் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே கேலி செய்துகொண்டு பேசாமல் இருந்துவிட்டேன். 

வீட்டின் பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடியது. உள்ளே இரண்டு பெரிய லைட்டுகள் கிருபை அக்காவின் முகத்தில் நேராக விழுந்தன. இதை உங்களில் பலர் கவனித்திருக்கமாட்டீர்கள்: லைட்டுக்கு முன்னால் இருக்கிறவருக்கு லைட்டுக்குப் பின்னால் இருக்கிற எதுவும் தெரியாது. நாங்கள் அவருக்கு வெறும் இருட்டு. ட்ரம்பெட்டுக்கு அருகில் ஒரு மைக், அறையின் எதிரொலிக்காகப் பின்சுவர் ஓரம் இன்னொரு மைக். இரண்டும் சேர்ந்து ஒரே நாடாவில் பதிவாகிற இயந்திரம் என்னுடையது. வாசிக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்பு கடைக்காரர் பின்கதவைத் திறந்து, "லைட்டு மங்கலா இருக்கே, வயரப் பாக்கணும்" என்று உள்ளே வந்தார். ஒளிப்பதிவாளர் தலையாட்டினார். வயரைப் பார்த்த மனிதர் வெளியே போகவில்லை. கதவைச் சாத்திவிட்டு, பின்சுவர் ஓரம் ஒரு கரி மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டார்.

கிருபை அக்கா வாசித்தார். வாயின் இடது ஓரத்தில், தழும்பு படாத இடத்தில் ட்ரம்பெட்டைப் பொருத்தி வாசித்தார். வருடக்கணக்காகத் தொடாத வாய். முதல் இரண்டு மூச்சு காற்றாகப் போனது. பிறகு வந்தது பாருங்கள், நான் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். மெட்டு மேலே ஏறுகிறது, விழப்போகிறது, விழாமல் நிற்கிறது. எங்கே வரும் என்று நினைக்கிறோமோ அங்கே வராமல், நாம் நம்பிக்கை இழந்த பிறகு வந்து சேர்கிறது. எனக்குப் புல்லரித்தது.

அப்போதுதான் இன்னொரு சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல். வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறது. பின்சுவர் மைக்கின் குமிழைக் குறைத்தேன், குரல் போய்விட்டது. கூட்டினேன், வந்துவிட்டது. யாரோ கூடப் பாடுகிறார், பாட்டு நன்றாக இருந்தால் யாரும் முணுமுணுக்கத்தானே செய்வார்கள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் கவனித்தேன். அந்தக் குரல் ட்ரம்பெட்டுக்குப் பின்னால் வரவில்லை. முன்னால் போய்க்கொண்டிருந்தது. அக்கா அடுத்து எங்கே போகப்போகிறார், எங்கே நிற்கப்போகிறார், எவ்வளவு நேரம் நிற்கப்போகிறார் என்பதெல்லாம் அந்தக் குரலுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பிப் பார்த்தேன். கரி மூட்டைமேல் வாடகைக் கடைக்காரர். நாலு பேர் வந்து போகிற கடை என்று அக்கா சொன்னது இவர் கடையைத்தானோ? கண்ணை மூடியிருந்தார். மடியில் ஜெனரேட்டரைச் சுழற்றிக் கிளப்புகிற இரும்பு ஹேண்டில். கதவு அவர் தோளுக்குப் பக்கத்தில்.

இந்த மாதிரி நேரத்தில் மனம் ஆயிரம் சொல்லும். நிறுத்து என்று கத்தினால் லைட்டை அணைத்துச் சன்னலைத் திறப்பார்கள், திறந்ததும் அக்கா அவரைப் பார்ப்பார், தான் பார்க்கப்பட்டது அவருக்கும் தெரியும். பிறகு அந்த ஹேண்டில் என்ன செய்யும்? இயக்குநரிடம் சொன்னால், அந்தப் பெண் கெட்டவர் இல்லை, ஆனால் கேமராவை அவர் பக்கம் திருப்பச் சொல்லியிருப்பார். படக்காரர் புத்தி அது. எனக்கும் உண்டு. ஒளிப்பதிவாளரிடம் சொன்னால் எட்டூருக்குக் கேட்கிற மாதிரி 'ஐயோ' என்பார். உயிர் யாருடையதோ அவரிடம்தான் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அன்று என் மண்டையில் உருப்படியாகத் தோன்றியது அது ஒன்றுதான்.

பாட்டு முடிந்தது. இயக்குநர் இன்னொரு முறை வேண்டும் என்றார். "மைக்கைக் கொஞ்சம் நகர்த்தணும்" என்று சொல்லிவிட்டு நான் லைட்டுக்குள் போய் அக்காவின் காலடியில் குனிந்தேன்.

"அக்கா, திரும்பாதீங்க. லைட்டுக்குப் பின்னால ஜெனரேட்டர் கொண்டுவந்த கடைக்காரர் உக்காந்திருக்காரு. நீங்க வாசிக்கிறத வாய்க்குள்ள பாடுறாரு."

அக்கா முகம் மாறவில்லை. "எனக்கு முன்னாடி போறானா, பின்னாடி வாரானா?" என்றார்.

"முன்னாடி."

அவர் ட்ரம்பெட்டின் வாயைத் துடைத்தார். "அப்ப அவன்தான். லீவுல வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதத்தான் ஊதுவேன். என் கால்மாட்டுலயே உக்காந்து கெடப்பான், சின்னப்பய. கையில என்ன வச்சிருக்கான்?"

"ஹேண்டிலு."

"கதவு?"

"அவரு பக்கத்துல."

கொஞ்சம் யோசித்தார். "லைட்ட அணைச்சிராதீக. நான் இன்னொருக்க ஊதுறேன். அவன் என்கூடப் பேச மாட்டான் தம்பி. பேச்சு அத்துப்போச்சு. பேசுனா மூணாம் மனுசர் மூலமாத்தான் பேசுவான். பேச்சு ஓடுற வரைக்கும் கை ஓங்க மாட்டான். நீங்க பேச்சை விட்டுராதீக, என்ன?"

நான் தலையாட்டினேனா என்றுகூட ஞாபகமில்லை. திரும்பி வந்து ஹெட்போனை மாட்டினேன். இரண்டாவது முறை தொடங்கியது. தன்னைக் கொல்வேன் என்றவர் பத்தடியில் இருக்கிறார் என்று தெரிந்துகொண்டு அவர் வாசித்தார். பாதிவரை முணுமுணுப்பும் கூடவே வந்தது. பிறகு நின்றது. இரும்பு தரையில் உரசுகிற சத்தம். கதவு திறந்து மூடுகிற சத்தம். அடுத்த கணம் ஜெனரேட்டர் நின்றது, லைட்டுகள் அணைந்தன.

சாத்திய வீடு, மத்தியானத்திலும் கும்மிருட்டு. மறைப்பாக இருந்த சத்தம் போய்விட்டது. இப்போது ட்ரம்பெட் ஊர் முழுக்கக் கேட்கும். நிறுத்திவிடுவார் என்று நினைத்தேன். கிருபை அக்கா நிறுத்தவில்லை. இருட்டில் நின்று கடைசி இழுப்புவரை வாசித்து முடித்தார். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. நிறுத்தித் தொலையுங்களேன் என்று மனதுக்குள் கத்தினேன்.

பின்கதவு திறந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கடைக்காரர் நின்றார். கையில் ஹேண்டில். அவர் அக்காவைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தார். என் காதில் இருந்த ஹெட்போனைப் பார்த்தார்.

"சார், என் சத்தம் அதுல விழுந்துருச்சா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டு முடிந்ததும் நான் அக்காவிடம் குனிந்து பேசியதை அவர் பார்த்திருக்கிறார். பொய் சொன்னால் பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "விழுந்துருச்சுங்க" என்றேன். "கேக்குறீங்களா?"

வந்து உட்கார்ந்தார். ஹேண்டிலைக் கீழே வைக்காமல் ஒரு கையால் ஹெட்போனைப் பிடித்துக்கொண்டார். என் இயந்திரம் பேட்டரியில் ஓடுவது, மின்சாரம் வேண்டாம். நாடாவைப் பின்னோக்கிச் சுற்றிப் போட்டுக்காட்டினேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப்போனது.

"என் சத்தத்த மட்டும் அழிச்சிருங்க."

"முடியாதுங்க. ரெண்டும் ஒண்ணாக் கலந்து பதிஞ்சிருக்கு. உங்க சத்தத்த எடுத்தா ட்ரம்பெட்டும் போயிரும்."

"என் மகளுக்கு நிச்சயம் வச்சிருக்கோம் சார். மாப்ள வீட்டுக்காரங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இந்தப் படத்த டிவியில போட்டா, அருப்புக்கோட்டைக்காரன் எவனாச்சும் என் கொரல அடையாளம் சொல்ல மாட்டானா? அதுகிட்டக் கேளுங்க, என் புள்ள வாழ்க்கை கெடணுமான்னு கேளுங்க."

நாலடி தள்ளி நிற்கிறவரிடம் நான் திரும்பி, "அக்கா, மகளுக்கு நிச்சயமாம். படம் வந்தா கெட்டுப்போயிரும்னு சொல்றாரு" என்றேன்.

"நான் அருப்புக்கோட்டைப் பக்கமே வரலையேன்னு சொல்லுங்க" என்றார் அக்கா.

"வரலைன்னா? ஒவ்வொரு சாவுலயும் ஒவ்வொரு கல்யாணத்துலயும் நாற்காலி எறக்கிட்டு நிக்கிறேன், அந்த இழுப்பு வருதே சார், எவன் வாயில கேட்டாலும் இதோட இழுப்பு வருதே! பக்கத்துல எங்கயோதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். நான் எங்க போயி ஒளிய?" சொல்லிக்கொண்டே எழுந்துவிட்டார். ஹேண்டில் என் இயந்திரத்துக்கு மேலே வந்து நின்றது. "மொத்தமாக் குடுங்க. குடுக்கலைன்னா நொறுக்கிப்போட்டு எடுத்துக்கிருவேன்."

"கொடுக்காதீங்க!" என்று இயக்குநர் கத்தினார். கிருபை அக்காவைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்கக்கா" என்றேன்.

"குடுத்துருங்க தம்பி" என்றார் அவர்.

கொடுத்துவிட்டேன். அவர் நாடாவைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, ஜெனரேட்டரை டெம்போவில் ஏற்றி, யாரையும் பார்க்காமல் போனார்.

இயக்குநர் என்னைப் பேசாத பேச்சில்லை. எல்லாம் கேட்டுக்கொண்டேன். சன்னலைத் திறந்ததும்தான் கிருபை அக்காவை வெளிச்சத்தில் பார்த்தோம். பழைய தழும்பு திறந்து, தாடை, கழுத்து, சேலை எல்லாம் ரத்தம். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எங்களோடு மதுரைக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினோம். "நான் ஓடுனா எதுக்குன்னு ஊரு கேக்கும். நீங்க போங்க" என்றார். போனோம். பிறகு வாரக்கணக்காக எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் பேப்பர் வந்ததும் கொலைச் செய்தியைத்தான் முதலில் தேடுவேன். அக்கா நன்றாக இருக்கிறார், யாரும் வரவில்லை என்று ஒரு பேண்டுக்காரர் எழுதிய பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

படம் வந்தது. அவர் ட்ரம்பெட் வாசிக்கிற காட்சி சத்தமே இல்லாமல் ஓடும். என்ன ஒரு மௌனம், என்ன ஒரு துணிச்சலான கலை என்று எழுதினார்கள். உங்களில் சிலருக்குக்கூட அது பாடமாக வந்திருக்கும். அது கலை இல்லை ஐயா. பயம்.

தொண்ணூறுகளின் நடுவில் வேறொரு வேலையாக அருப்புக்கோட்டைக்குப் போனேன். கடைவீதியில், "சவுண்டு சார்" என்று ஒரு குரல். பார்த்தால் அந்த வாடகைக் கடைக்காரர். ஓடிவிடலாமா என்று நினைத்தேன். கடைக்குள் கூப்பிட்டு, அடுக்கிய நாற்காலிகளுக்குப் பின்னால் கூட்டிப்போனார். மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்துவிட்டான் என்றார். பிறகு வெளியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த டேப்பக் கேக்க என்ன மெசினு வேணும் சார்? ரேடியோ ரிப்பேர் கடையில காட்டுனேன். இந்த சைசுக்கு இங்க மெசினே கெடையாதுன்னுட்டான்."

"மெசின் எதுக்குங்க? பஸ் ஏறுனா திருச்சுழி, அங்கிட்டுக் கொஞ்ச தூரம். அக்கா அங்கதான இருக்காங்க."

"இப்பவும் ஊதுறாகளா?"

இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அன்றைக்கு வாசித்ததுதான் கடைசி, அந்த உதடு பிறகு சேரவே இல்லை. கேட்டுவிட்டு அவர் ஒரு நாற்காலியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மெசினு நான் கொண்டுவர்றேன்" என்றேன். "ஆனா முதல்ல கேக்க வேண்டியது அவங்க." என் வாயா இப்படிப் பேசியது என்று எனக்கே ஆச்சரியம்.

அடுத்த மாதம் இயந்திரத்தோடு போனேன். மஞ்சள் பையில் நாடாவை வைத்துக்கொண்டு அவரும் பஸ்ஸில் வந்தார். திருச்சுழியில் இறங்கியதும் நின்றுவிட்டார். பையை என் கையில் கொடுத்தார்.

"நீங்க போயிட்டு வாங்க சார். எனக்குக் கால் வரல. பயமா இருக்கு."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கு வரக் கூடாதா?"

கிருபை அக்கா வெகுவாக மெலிந்திருந்தார். பையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். தம்பி எங்கே என்று கேட்கவில்லை. "வாசல்ல யாராச்சும் நிக்கிறாகளா?" என்றுதான் கேட்டார். யாரும் இல்லை என்று நான் சொன்ன பிறகும் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணைத் திறந்தபடியே கேட்டார். முடிந்ததும் மறுபடி போடச் சொன்னார்.

"ரெண்டாந்தரம் நல்லா ஊதிருக்கேன்" என்றார். "மொதத்தரம் ஏனோதானோன்னு இருக்கு."

"தம்பி குரல் கேட்டுச்சாக்கா?"

"கேக்காம? மேல ஏறுற எடத்துல சுதி எறங்குது. சின்னப்பயலா இருக்கும்போதே அப்படித்தான். சொன்னாக் கேக்க மாட்டான்." உதட்டைத் தடவிக்கொண்டார். "இத நீங்களே வச்சுக்கங்க. அவன் இருக்கிற வரைக்கும் வெளிய விட்டுராதீக தம்பி. பயந்துருவான்."

சாயங்கால வெயிலில் திருச்சுழி பஸ் ஸ்டாண்டு சிமெண்டுப் பெஞ்சில் கடைக்காரர், நான் விட்டுவிட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னாக?"

"மேல ஏறுற எடத்துல உங்க சுதி எறங்குதாம்."

"சொன்னாகளா?" என்றார். "அந்த எடம் எனக்கு வரவே வராது சார்." பிறகு கையை நீட்டினார். பஸ்காரர்கள் ஊரூராகக் கூவிக்கொண்டிருக்க, முறுக்கு விற்கிறவர்கள் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்க, அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டார். தன் குரல் வரும் இடம் வந்ததும் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அருப்புக்கோட்டை பஸ் வந்து, நின்று, போய்விட்டது. நான் கூப்பிடவில்லை.

இப்போது அவர்கள் இருவருமே இல்லை. நாடா என் அலமாரியில் இருக்கிறது. படத்தைப் புதுப்பிக்கிறோம், அந்தக் காட்சியில் ட்ரம்பெட்டைச் சேர்த்துவிடலாம், குரலைத் தனியாகப் பிரித்து எடுக்க இப்போது வசதி வந்துவிட்டது என்று, வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். பிரிக்கிற பேச்சை விடுங்கள். சேர்ப்பதென்றாலும் அதற்கு முன்னால் ஒரு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. கடைக்காரருடைய மகள் இருக்கிறார். பெரியப்பா கல்கத்தாவில் இறந்துபோனார் என்றுதான் இன்றுவரை அவருக்குத் தெரியும். அவரை உட்காரவைத்து, நடந்ததைச் சொல்லி, இதைப் போட்டுக்காட்டி, அவர் சொல்கிற பதிலைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தக் கதவைத் தட்டும்போது உங்களுக்கு வயிறு கலங்கும். கலங்கட்டும். நானும் கூட வருகிறேன், நீங்கள் முன்னால் நில்லுங்கள்.